அப்பாவின் பழைய ஜீப்: கையெழுத்துப் போடும் முன்

பட்டாபிராமுக்கு மேற்கே ஒன்றரை ஏக்கரில் கீரையும் வெண்டையும் போடும் வாசகர் ஒருவர் நான்கு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கேள்வி என்னவோ ஒரே வரிதான்: "அப்பாவின் பழைய ஜீப் பிக்கப்பை 45,000 ரூபாய்க்குக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?" மீதி மூன்றேமுக்கால் பக்கத்தில்தான் விஷயமே இருக்கிறது.

வண்டி மகேந்திரா எஃப்.சி. வகை. மூக்கு இல்லாமல், ஓட்டுநர் எஞ்சினுக்கு மேலேயே உட்கார்ந்து ஓட்டும் வண்டி. மகேந்திரா நிறுவனம் 1965-ல் இந்த வகையைக் கொண்டுவந்தது. இவர்களுடையது 1974 ஜூனில் பதிவானது. மூன்று எழுத்தும் நான்கு எண்ணும் கொண்ட பழைய பலகை. தகப்பனார் அதை 1986-ல் இரண்டாம் கையாக வாங்கியிருக்கிறார். காய்கறிச் சந்தை கொத்தவால் சாவடியில் இருந்த காலத்தில் விடியற்காலை இரண்டு மணிக்குக் கீரைக்கட்டு ஏற்றிக்கொண்டு கிளம்புவாராம். 1996-ல் சந்தை கோயம்பேட்டுக்கு மாறியபோது தூரம் பாதியாகக் குறைந்தது என்று சந்தோஷப்பட்டிருக்கிறார். 2020 மே மாதம், கொரோனா காரணமாகச் சந்தையைத் திருமழிசைக்கு மாற்றியபோது, வீட்டு வாசலுக்கே சந்தை வந்துவிட்டது என்று கடைசியாக ஒரு சுற்று ஓட்டியிருக்கிறார். அதன் பிறகு வண்டி தொழுவுரமும் சோளத்தட்டும் ஏற்றத்தான் வெளியே வந்தது. போன வருடம் மாசியில் அவர் காலமாகிவிட்டார்.

இப்போது வண்டி ஓடுகிறது. ஆனால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது. இரண்டு மூன்று முறை மிதிக்க வேண்டும். ஸ்டியரிங்கில் கால் சுற்று ஆட்டம். பின் பெட்டியின் தரைத் தகடு நான்கு இடத்தில் ஓட்டை. ஒரிஜினல் பெட்ரோல் எஞ்சினை 1993-ல் இறக்கிவிட்டு டீசல் எஞ்சின் மாட்டியிருக்கிறார்கள். பழைய எஞ்சின் மாட்டுக் கொட்டகை மூலையில் சாக்குப் போர்த்திக் கிடக்கிறது. அதைக் காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்சு. ஆர்.சி. புத்தகம் இருக்கிறது. பதிவு 2024 ஜூனில் முடிந்துவிட்டது, புதுப்பிக்கவில்லை. இன்ஷூரன்ஸ் அதற்கும் முன்பே போய்விட்டது.

வந்த தரகர் ரொக்கமாக 45,000 தருவதாகச் சொல்லி, 29, 30 எண் படிவங்களை நீட்டியிருக்கிறார். "ஆர்.சி. உங்க அப்பா பேர்லதானே இருக்கு, அவர் கையெழுத்து உங்களுக்குப் போடத் தெரியாதா?" என்று கேட்டாராம். அண்ணன் போட்டுக் கொடுத்துவிடலாம் என்கிறார். தம்பிக்கு, அதாவது கடிதம் எழுதியவருக்கு, மனசு ஒப்பவில்லை.

ஒப்பாதது நல்லது. இறந்துபோனவர் பெயரில் கையெழுத்துப் போடுவது போலி ஆவணம் தயாரிப்பது. இறப்புச் சான்றில் ஒரு தேதி இருக்கிறது, படிவத்தில் அதற்குப் பிந்திய ஒரு தேதி இருக்கும். பத்து வருடம் கழித்து யாராவது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். தரகருக்கு அதில் ஒரு ஆபத்தும் இல்லை. கையெழுத்து அவருடையது அல்ல.

தேதி போடாமல், வாங்குபவர் பெயர் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுக்கும் படிவத்தை ஊரில் "ஓப்பன் படிவம்" என்பார்கள். உயிரோடு இருப்பவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். பழைய வண்டி விற்கும் விவசாயிகளில் பலர் பணம் கைக்கு வந்ததும் வண்டி தன் தலையை விட்டுப் போய்விட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் உரிமையாளர் என்றால் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கை எல்லா விவசாயக் குடும்பமும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒருவர் தன் காரை 2007-ல் விற்றார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார், அவர் அடுத்தவருக்கு, இப்படிப் பல கை மாறியது. ஆர்.சி.யில் பெயர் மட்டும் மாறவே இல்லை. 2009-ல் அந்தக் கார் பின்னோக்கி வரும்போது தெருவில் நடந்துபோன ஒரு பெண்மேல் மோதியது. கூட வந்த சிறுவன் சக்கரத்தில் சிக்கி இறந்துபோனான். நஷ்ட ஈடு யார் தருவது என்ற கேள்வி கடைசியில் உச்ச நீதிமன்றம் வரை போனது. பதிவில் யார் பெயர் இருந்ததோ, இரண்டு வருடம் முன்பே விற்ற அந்த முதல் ஆள்தான் பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னது. விற்றதற்கு ஆதாரம் இருந்தும் அது அவரைக் காப்பாற்றவில்லை.

அந்தக் காருக்குப் பதிலாக, மூன்று முறை மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும், இன்ஷூரன்ஸ் இல்லாத ஒரு ஜீப்பை வைத்துப் பார்க்கலாம். பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலோ அம்பத்தூர் எஸ்டேட் சாலையிலோ அது யார் மேலாவது ஏறினால், நஷ்ட ஈடு கேட்டு நோட்டீஸ் வரப்போவது தகப்பனாரின் வாரிசுகளுக்கு. அவர் விட்டுப்போன சொத்தில் அந்த ஒன்றரை ஏக்கரும் அடக்கம். 45,000 ரூபாய்க்கு அது பெரிய விலை.

ஆக முதல் வேலை வண்டியை விற்பது அல்ல, வண்டியை ஒரு உயிருள்ள ஆள் பெயருக்குக் கொண்டுவருவது.

உரிமையாளர் இறந்தால் வாரிசு 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வண்டியை மூன்று மாதம் வரை அவர் பெயரிலேயே வைத்து ஓட்டலாம். அந்த மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இவர்கள் விஷயத்தில் அந்தக் கெடு எப்போதோ தாண்டிவிட்டது. தாண்டினால் கதவு அடைபட்டுவிடாது, அபராதம் கட்டினால் போதும். தேவையானவை: இறப்புச் சான்று, ஆர்.சி. அசல், வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையம் மூலம் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகம் விசாரித்துத் தரும்.

இந்த இடத்தில் கடிதத்தில் ஒரு வரி உறுத்துகிறது. "வாரிசு நாங்கள் இரண்டு பேர்தான்" என்று எழுதியவர், அடுத்த பக்கத்தில் அம்மா தன்னோடு இருப்பதாகவும், அக்காவை அரக்கோணத்தில் கட்டிக்கொடுத்திருப்பதாகவும் சொல்கிறார். அப்படியானால் வாரிசு இரண்டு பேர் அல்ல, நான்கு பேர். 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள் எல்லோருக்கும் சமபங்கு, நிலம் போலவே ஜீப்புக்கும். கட்டிக்கொடுத்துவிட்டதால் பங்கு போய்விடாது. அக்கா பத்தாயிரம் ரூபாய்க்காக வழக்குப் போடப்போவதில்லை என்று வீட்டில் சொல்வார்கள்; சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அவர் கையெழுத்து இல்லாமல் சம்மதக் கடிதம் முழுமையாகாது. கேட்காமலே விற்றுவிட்டு அடுத்த பொங்கலுக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும்படி செய்வானேன்? நான்கு பேரும் சம்மதித்து அம்மா பெயருக்கு மாற்றுவது நல்லது. விற்ற பணமும் அவர் கையில் வரும்.

அடுத்தது பணக்கணக்கு. வண்டி சொந்த உபயோக வண்டியாகப் பதிவாகியிருக்கிறது என்று ஆர்.சி. நகலில் தெரிகிறது. அந்த வகைக்கு முதல் 15 ஆண்டு, பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். இதற்கான கட்டணம் முன்பு 600 ரூபாய்தான். 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டைத் தாண்டிய இலகு ரக வண்டிக்கு 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டைத் தாண்டியவற்றுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். தாமதத்துக்கு மத்திய விதியில் மாதம் 500 ரூபாய் கூடுதல் கட்டணம் என்றும் இருக்கிறது. 18 மாதம் என்று வைத்தாலும் 9,000. இதற்கு மேல் மாநிலத்தின் பசுமை வரி, மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ், ஆய்வுக்கு நிறுத்துவதற்கு முன் பிரேக் வேலை. மொத்தம் எவ்வளவு என்பதைப் பதிவு அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிய பிறகே விலை பேச உட்கார வேண்டும். தரகர் சொல்லும் கணக்கை நம்பி உட்காரக் கூடாது.

அலுவலகத்துக்குப் போகும்போது ஆர்.சி. அசலைக் கொண்டுபோக வேண்டும். மூன்றெழுத்துப் பலகை வண்டிகளின் விவரம் கணினியில் ஏறாமலே இருப்பது சகஜம். முதலில் பழைய பதிவேட்டைப் பார்த்து அதை ஏற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். அது முடியாமல் ஆன்லைனில் எந்த விண்ணப்பமும் நகராது. பூந்தமல்லி அலுவலகத்தின் குறியீடு டி.என். 12, அம்பத்தூருக்கு டி.என். 13. பழைய வண்டி எந்த அலுவலகத்தில் பதிவானதோ அதன் பதிவேடு எங்கே இருக்கிறது என்று விசாரிப்பதிலேயே ஒரு நாள் போகும். ஆர்.சி.யில் 1986-ல் கடன் கொடுத்த ஃபைனான்ஸ் பெயர் அடிக்காமல் இருந்தால் அதற்குப் படிவம் 35 வேண்டும். அந்தக் கம்பெனியே இன்று இல்லை என்றால் அதற்கு வழி என்ன என்பதையும் அங்கேயே கேட்டுவிடலாம்.

எஞ்சின் மாற்றம்தான் பெரிய முடிச்சு. ஆர்.சி.யில் பெட்ரோல் என்று இருக்கிறது, வண்டியில் டீசல் இருக்கிறது. அனுமதி வாங்கி எஞ்சின் மாற்றி, அதை ஆர்.சி.யில் பதிந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் டீசல் விலையைப் பார்த்து ஜீப்பில் இருந்த ஹரிகேன் பெட்ரோல் எஞ்சினைத் தூக்கி எறியாத பட்டறை இல்லை, பதிந்தவர்கள்தான் குறைவு. இன்று ஆய்வாளர் எஞ்சின் எண்ணைப் பார்த்தால் கேள்வி வரும். டீசல் எஞ்சின் வாங்கிய பில் இருந்தால் தேடி வைக்க வேண்டும்.

ஆனால் கொட்டகையில் சாக்குப் போர்த்திக் கிடக்கிறதே, அந்தப் பழைய எஞ்சின், அதைக் காயலான் கடைக்குப் போடவே கூடாது. இந்த வண்டியில் உண்மையில் விலை போகக்கூடிய பொருள் அதுவாகவே இருக்கலாம்.

காரணம் இதுதான். தரகர்கள் "விண்டேஜ் வண்டி" என்ற வார்த்தையை எதற்கும் சொல்வார்கள். 1990-ம் ஆண்டு டாடா மொபைலையும் சொல்வார்கள், வாங்கும்போது மட்டும் அதையே "பழைய இரும்பு" என்பார்கள். மத்திய அரசு 2021 ஜூலையில் விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சின் மூன்றும் பெரிய மாற்றமில்லாமல் பழைய அமைப்பிலேயே இருக்க வேண்டும். புதிதாக விண்டேஜ் பதிவு செய்ய 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு, மறுபதிவு 5,000. எண் பலகையில் மாநில எழுத்துக்குப் பிறகு வி.ஏ. என்று வரும். 1974 ஜூனில் பதிவான இந்த ஜீப் 2024-லேயே 50-ஐத் தாண்டிவிட்டது. வயதில் தேறுகிறது, எஞ்சினில் தேறவில்லை. ஆர்.சி.யில் உள்ள எண்ணும் அந்தப் பழைய எஞ்சின் எண்ணும் ஒன்றாக இருந்தால், திரும்ப மாட்டிச் சரிசெய்ய நினைக்கும் ஒருவருக்கு வண்டியோடு அதுவும் சேர்ந்து வருவது பெரிய விஷயம். எஞ்சின் பிளாக்கில் உள்ள மண்ணைச் சுரண்டிவிட்டு எண்ணைப் பார்க்க வேண்டும்.

அதற்காக இந்தக் குடும்பமே விண்டேஜ் பதிவு செய்துகொள்ளலாமா என்றால், வேண்டாம். விண்டேஜ் பதிவான வண்டியை அன்றாடம் ரோட்டில் ஓட்டக் கூடாது, வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம் மாதிரியான காரியங்களுக்குத்தான் எடுக்கலாம். கீரைக்கட்டு ஏற்ற முடியாத வண்டிக்கு ஒரு விவசாயி எதற்கு 20,000 கட்ட வேண்டும்? அந்தச் செலவு வாங்குபவருடையது. விற்பவர் செய்ய வேண்டியது, அப்படி வாங்கக்கூடிய ஆள் காதில் விஷயம் விழும்படி செய்வது. சென்னையில் பழைய வண்டிப் பிரியர்களுக்கு மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற அமைப்புகள் இருக்கின்றன. சினிமாவுக்குப் பழைய வண்டி வாடகைக்கு விடுபவர்களும் உண்டு. வடபழனி, வளசரவாக்கம் பக்கம் ஆர்ட் டைரக்டர்களிடம் வேலை செய்யும் யாரையாவது ஊரில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும். இரண்டு மாதம் காத்திருந்து நாலு பேரிடம் காட்டாமல், வீடு தேடி வந்த முதல் ஆளுக்குக் கொடுத்தால் அவர் சொன்னதுதான் விலை.

குறைந்தபட்ச விலை என்ன என்பதை விற்பவரே கணக்குப் போடலாம். இந்த வகை வண்டி காலியாக ஒன்றேகால் டன்னுக்குக் குறையாது. உதாரணத்துக்கு இரும்பு கிலோ 30 ரூபாய் என்று வைத்தால் 1,250 கிலோவுக்கு 37,500. அன்றைய விலையைப் பக்கத்துக் காயலான் கடையில் கேட்டுப் பெருக்கிக்கொள்ளலாம். ஆக தரகர் சொன்ன 45,000 என்பது ஏறக்குறைய எடைக்கு எடை இரும்பு விலை. ஓடும் டீசல் எஞ்சின், கியர் பாக்ஸ், நான்கு சக்கரம், கொட்டகையில் இருக்கும் இன்னொரு எஞ்சின் எல்லாம் இலவசம் என்றுதான் அர்த்தம். புதுப்பேட்டையில் பிரித்து விற்றால் என்ன கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும்.

விற்கும் முன் பெயின்ட் அடிக்கலாமா என்றும் வாசகர் கேட்டிருக்கிறார். வேண்டாம். பட்டி தேய்த்துப் பளபளவென்று பெயின்ட் அடித்த பழைய வண்டியைப் பார்த்தால் விவரம் தெரிந்தவர் எதை மறைத்திருக்கிறார்கள் என்றுதான் யோசிப்பார். பழைய பெயின்ட் உரிந்து அப்படியே இருப்பதை விரும்பி வாங்குகிறவர்களே அதிகம். செலவு செய்வதானால் ஒரே இடத்தில் செய்யலாம், பிரேக்கில். வீல் சிலிண்டர் ரப்பரும் மாஸ்டர் சிலிண்டரும் மாற்றிக் காற்று எடுத்தால் முதல் மிதியிலேயே பிடிக்கும். இந்தப் பக்கத்தில் இதற்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா என்று வண்டிக்கு வேண்டிய பாகங்கள் செய்யும் கம்பெனிகள் அறுபதுகளிலேயே வந்துவிட்டன. அவற்றில் வேலை பழகியவர்கள் அம்பத்தூர் எஸ்டேட்டைச் சுற்றி லேத் பட்டறை வைத்திருக்கிறார்கள். கடையில் கிடைக்காத கிங் பின் புஷ்ஷை அளவு கொடுத்தால் கடைந்து தருவார்கள். ஆனால் ஸ்டியரிங் வேலையை வாங்குபவருக்கே விட்டுவிடலாம், அது போட்ட பணம் விலையில் திரும்பாது.

பின் பெட்டியையும் சேஸிஸையும் நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகு காட்ட வேண்டும். சாணியும் மண்ணும் அப்பியிருந்தால் துரு எங்கே இருக்கிறது என்று வாங்குபவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. ஸ்பிரிங் பட்டை சேஸிஸில் மாட்டும் இடத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்த்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். குறைகளை மறைக்காமல் ஒரு தாளில் எழுதி, "இருக்கும் நிலையில் விற்கப்படுகிறது" என்று போட்டு, வாங்குபவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். பிரேக் சரியில்லை என்பதைச் சொல்லாமல் விற்று அடுத்த திருப்பத்தில் ஒருவர் விழுந்தால், சட்டம் விட்டாலும் மனசு விடாது.

ஓட்டிப் பார்க்கக் கேட்டால்? பதிவும் இன்ஷூரன்ஸும் இல்லாத வண்டியை ரோட்டுக்கு விடவே கூடாது. பதிவில்லாமல் ஓட்டினால் முதல் தடவை 5,000 ரூபாய் வரை அபராதம், இன்ஷூரன்ஸ் இல்லாததற்கு 2,000 அல்லது மூன்று மாதம் வரை சிறை. களத்திலேயே முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டலாம். விற்ற பிறகும் புதுப்பிக்காத நிலையில் அதை லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோகச் சொல்ல வேண்டும்.

விலை படிந்த அன்று செய்ய வேண்டியவை. ஆர்.சி. அம்மா பெயருக்கு வந்திருந்தால் படிவம் 29-ஐ இரண்டு பிரதி, படிவம் 30 ஒன்று, வாங்குபவர் பெயர், முகவரி, தேதி எல்லாம் நிரப்பிய பிறகே கையெழுத்து. வாங்குபவரின் ஆதார் நகல், போட்டோ, போன் எண். டெலிவரி நோட்டில் தேதி மட்டும் போதாது, மணியும் வேண்டும்; மாலை ஐந்து மணிக்குக் கொடுத்த வண்டி ஆறு மணிக்கு மோதினால் அந்த ஒரு மணி நேரம்தான் பேச்சாக இருக்கும். மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வாங்கியவர் செய்வார் என்று விட்டுவிடாமல் இருவரும் ஒன்றாகப் போய்க் கொடுத்துவிட்டு, ஒப்புகைச் சீட்டை வாங்கி வருவதுதான் உத்தமம். பெயர் மாறும் வரை விலையில் ஒரு பகுதியை நிறுத்தி வைக்கிறேன் என்று வாங்குபவர் சொன்னால் கோபப்பட வேண்டியதில்லை, அது இருவருக்கும் நல்லது. முத்திரைத் தாளில் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது ஆர்.சி. பெயர் மாற்றத்துக்கு ஈடாகாது. மேலே சொன்ன வழக்கே அதற்குச் சாட்சி.

வாங்குவது பழைய வண்டி வியாபாரி என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல், பதிவு அலுவலகத்தின் அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைத்து படிவம் 29சி-யில் ஆன்லைனில் தெரிவித்துவிட்டால், அடுத்தவருக்கு மாற்றும் வரை பொறுப்பு டீலருடையது. அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். வீட்டுக்கு வந்த தரகரிடம் அதைக் கேட்டால் பேச்சு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கலாம்.

ஒன்றும் படியாமல் உடைப்புக்குத்தான் போகிறது என்றால், பதிவை ரத்து செய்யாமல் கொடுக்கக் கூடாது. வண்டி இனி ஓடாது என்று ஆனால் 14 நாளுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். ரத்தாகாத ஆர்.சி.யும் சேஸிஸ் எண்ணும் திருட்டு வண்டிக்குப் புது ஜாதகம் எழுதப் பயன்படும். அரசு அங்கீகாரம் பெற்ற உடைப்பு நிலையத்தில் கொடுத்தால் வைப்புச் சான்று தருவார்கள். அதை வைத்துப் புது வண்டி வாங்கும்போது வரிச் சலுகை கேட்கலாம்.

வாசகருக்குச் சுருக்கமான பதில்: 45,000-க்குக் கொடுக்க வேண்டாம். தரகரின் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அக்காவுக்குப் போன் செய்யலாம்.

அம்பத்தூர் அருகே புதூரிலிருந்து ஒரு வாசகர்: குட்டி யானைக்கு 15 வயது முடிகிறது. கட்டாயமாக உடைக்க வேண்டும் என்கிறார்களே?

அப்படி ஒரு விதி தமிழ்நாட்டில் தனியார் வண்டிக்கு இல்லை. டில்லி சுற்றுவட்டாரத்தில் டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15 ஆண்டு என்று கட்டுப்பாடு வந்தது. அந்தச் செய்திதான் இங்கே வதந்தியாகச் சுற்றுகிறது. 15 ஆண்டைத் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் முதல் செல்லாது, அது வேறு கதை. மஞ்சள் பலகை வண்டிக்கு எட்டு ஆண்டுக்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் தகுதிச் சான்று வாங்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் அதன் கட்டணம் பல மடங்கு கூடும். ஓட்டுவதா விற்பதா என்பதை அந்தத் தொகையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். வருடத்தில் 60 நாள் மட்டும் லோடு இருக்கிறது என்றால் வாடகை வண்டியே மலிவு.

திருமழிசையிலிருந்து: வண்டிப் பெட்டி உரம் ஏற்றி ஏற்றித் துருப்பிடிக்கிறது. என்ன செய்யலாம்?

துருவுக்குப் பெரிய காரணம் யூரியாவைவிடப் பொட்டாஷ். மியூரியேட் ஆஃப் பொட்டாஷில் பாதிக்குச் சற்றுக் குறைவான எடை குளோரைடு. காற்றிலிருக்கும் ஈரம் பட்டாலே தகட்டைத் தின்னும். மூட்டை இறக்கிய அன்றே சிந்தியதைப் பெருக்கி எடுத்துவிட்டு நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். உப்புத் தண்ணீர் போர்வெல் என்றால் கழுவாமல் இருப்பதே மேல். ஏற்றும்போது கீழே பழைய தார்ப்பாய் விரிக்கலாம், ஆனால் இறக்கியதும் அதை எடுத்துவிட வேண்டும். அடியில் தேங்கும் ஈரம் தார்ப்பாய் இல்லாததைவிடக் கெடுதல். பெட்டியின் மூலைகளில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் மண் அடைத்திருக்கும், கம்பி விட்டுத் திறந்துவிடலாம். துரு பிடித்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்து, காய்ந்த பிறகு பெயின்ட் அடிக்கலாம். கழிவு ஆயிலை அடிப்பாகத்தில் பூசும் வழக்கம் இருக்கிறது. பிரேக் டிரம் பக்கமும் ரப்பர் குழாய் பக்கமும் அது போகவே கூடாது.